திரை கறுத்தால் எல்லாம் அழிந்துவிட்டதா?

இன்று எமது பெண்கள் பலரின் வீடுகளில் தையல் இயந்திரத்துக்குப் பக்கத்திலோ சாமிப் படத்துக்குக் கீழேயோ ஒரு மடிக்கணினி இருக்கின்றது. அநேகமாக அது புதிதாக வாங்கியது அல்ல. வெளிநாட்டிலுள்ள உறவினர் பாவித்துவிட்டு அனுப்பியதாக இருக்கும். ஏதாவது ஓர் அலுவலகம் கழித்துவிட்ட பின்னர் கிடைத்ததாக இருக்கும். அல்லது 2020 இல் கொரோனா வந்து பாடசாலைகள் மூடப்பட்டபோது, பிள்ளையின் வகுப்புக்காகக் கடன்பட்டுப் பழையதாக வாங்கியதாக இருக்கும்.

இந்தப் பழைய மடிக்கணினிகளுக்கு அண்மைக் காலமாகப் புதியதொரு பிரச்சினை வந்திருக்கின்றது. கணினி வேலை செய்வதற்கு அதனுள் ஓர் அடிப்படை மென்பொருள் வேண்டும். பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் இதனைப் ‘பணிசெயல் முறைமை’ என்பார்கள். விண்டோஸ், லினக்ஸ் என்பவை இத்தகையவை. 2015 இல் வெளிவந்த விண்டோஸ் 10 இற்கான பொதுவான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் நிறுத்திக்கொண்டது. அடுத்ததான விண்டோஸ் 11 எல்லாக் கணினிகளிலும் ஏறாது. டி.பி.எம். 2.0 எனும் பாதுகாப்புப் பகுதி, 4 ஜீ.பீ. நினைவகம், 64 ஜீ.பீ. சேமிப்பிடம், நிறுவனத்தின் பட்டியலில் உள்ள செயலி என்று பல நிபந்தனைகள் அதற்கு உண்டு. எமது வீடுகளிலுள்ள பழைய கணினிகளில் பல இந்த நிபந்தனைகளில் தோற்றுப்போகின்றன.

ஆகவே என்ன நடக்கின்றது? பக்கத்து வீட்டுத் தம்பியோ, மருமகனோ, கடைப் பையனோ “புதுசு போட்டுத் தாறன்” என்று விண்டோஸ் 11 ஐ எப்படியோ ஏற்றுகிறார்கள். அல்லது இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் போடுகிறார்கள். பலருக்கு அது நன்றாகவே வேலை செய்கின்றது. சிலருக்கு, எல்லாம் முடிந்து கணினியை மறுபடி போடும்போது திரை கறுத்துப்போய், வெள்ளை எழுத்தில் ஒரேயொரு ஆங்கில வரி மட்டும் நிற்கின்றது.

கிருலப்பனையில் சமூகப் பணி செய்யும் எனக்கு இந்தக் கறுத்த திரை இப்பொழுது நன்கு பழக்கம். அதனைத் தூக்கிக்கொண்டு வரும் பெண்கள் அனைவரும் முதலில் சொல்வது ஒன்றேதான்: “எல்லாம் போச்சு மிஸ்.” பெரும்பாலும் எதுவுமே போகவில்லை என்பதையும், உண்மையில் போய்விடக்கூடிய நேரம் அதற்குப் பிறகுதான் வருகின்றது என்பதையும் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

பொலித்தீன் பையும் மடிக்கணினியும்

ஆவணத்தின் பெறுமதியை எமக்கு எவரும் படிப்பிக்கத் தேவையில்லை. இடம்பெயர்ந்த ஒவ்வொரு முறையும் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, காணி உறுதி ஆகியவற்றைப் பொலித்தீன் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தவர்கள் நாங்கள். சட்டி பானையை விட்டு வந்தாலும் அந்தப் பையை விட்டு வரவில்லை. வரும் வழியில் அந்தப் பையைத் தொலைத்தவர்கள் ஒரு பிறப்புச் சான்றிதழின் பிரதிக்காக எத்தனை கந்தோர்களின் படியேறினார்கள் என்பதையும் நாம் அறிவோம்.

இன்று அந்தப் பையிலிருந்த பலவும் மடிக்கணினிக்குள் போய்விட்டன. கணவரை, மகனைத் தேடும் பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2010 இல் நியமிக்கப்பட்ட கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, 2013 இல் நியமிக்கப்பட்ட ஜனாதிபதி ஆணைக்குழு, 2016 ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் என்று ஒரே விபரத்தைத் திரும்பத் திரும்ப எழுதிக் கொடுத்தவர்கள் அவர்கள். கொடுத்த கடிதங்களின் பிரதி, கிடைத்த பற்றுச்சீட்டு, கடைசியாக எடுத்த புகைப்படம் ஆகியவற்றை ஸ்கேன் செய்து கணினியில் வைத்திருக்கிறார்கள். வேறு சிலரின் கணினியில் தையல் கணக்கு, சுயதொழில் கடன் விண்ணப்பம், பிள்ளையின் சாதாரண தரப் பாடக் குறிப்புகள் இருக்கின்றன.

இயந்திரம் பழுதானால் வேறொன்று வாங்கலாம். இவற்றை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. “கணினியைத் திருத்துவது எப்படி?” என்பதற்கு முன்பாக “உள்ளே இருப்பதைக் காப்பாற்றுவது எப்படி?” என்று நாம் கேட்க வேண்டியது இதனால்தான்.

ஒரே ஒரு தெரிவினால் வந்த வினை

வன்னியிலிருந்து வந்து கிருலப்பனையில் ஓர் அறை வாடகைக்கு எடுத்திருக்கும் அக்கா ஒருவரின் அனுபவத்தை இங்கு சொல்வது பயன்படும். தையல் வேலை செய்து இரண்டு பிள்ளைகளைப் படிப்பிப்பவர். அவரது மடிக்கணினி விண்டோஸ் 11 இற்குத் தகுதி இல்லாதது. ஆகவே தெரிந்த தம்பி ஒருவர், விண்டோஸ் 10 ஐ அழிக்காமல் அதற்குப் பக்கத்திலேயே லினக்ஸ் மின்ட் எனும் இலவச முறைமையைப் போட முயன்றிருக்கிறார். பென் ட்ரைவிலிருந்து லினக்ஸ் தொடங்காதபடியால், கணினியின் அடிப்படை அமைப்புக்குள் போய் ஒரு தெரிவை மாற்றியிருக்கிறார். அதன் பின்னர் பென் ட்ரைவ் வேலை செய்தது. ஆனால் போட்டு முடியும் தறுவாயில் ஒரு பிழைச் செய்தி வந்தது. அதனைப் பொருட்படுத்தாமல் கணினியை மறுபடி போட்டபோது ‘நோ பூட்டபிள் டிவைஸ்’ என்ற வரி மட்டும் வந்தது. தொடங்குவதற்கு ஏற்ற எதையும் காணவில்லை என்பது அதன் பொருள்.

அக்கா அதனைக் கடைக்குக் கொண்டுபோனார். “ஃபோர்மட் பண்ண வேண்டும், உள்ளே இருப்பது எல்லாம் போகும், பரவாயில்லையா?” என்று அங்கு கேட்டிருக்கிறார்கள். அவருக்கு அரைகுறையாகத்தான் விளங்கியது. ஆனால் ‘போகும்’ என்ற சொல் மட்டும் விளங்கியிருக்கிறது. கணினியைத் திருப்பி வாங்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்துவிட்டார்.

“அவற்ர படமும் மனுக் கடுதாசியும் இதுக்குள்ளதான் மிஸ். நான் இதைத் தொட்டிருக்கவே கூடாது” என்றார்.

கணினி வகுப்பு நடத்தும் இளம் பெண் ஒருவருடன் தொலைபேசியில் கதைத்து, அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகச் செய்தோம். முதலில், அதே லினக்ஸ் பென் ட்ரைவைச் செருகி, கணினியில் எதையும் பதியாமல், பென் ட்ரைவிலிருந்தே லினக்ஸை ஓடவிட்டோம். அந்தத் திரையில் ஹார்ட் டிஸ்க் தெரிந்தது. திறந்தபோது அக்காவின் கோப்புறைகள் வைத்த இடத்திலேயே இருந்தன. இன்னொரு பென் ட்ரைவில் எல்லாவற்றையும் பிரதி எடுத்த பின்னர்தான் அடுத்த வேலையைத் தொடங்கினோம். அமைப்புக்குள் சென்று, அந்தத் தம்பி மாற்றிய தெரிவைப் பழையபடி மாற்றினோம். அக்காவே விசையை அழுத்தினார். பழைய விண்டோஸ் ஒரு குறையுமின்றி எழும்பியது. மாற்ற வேண்டியிருந்தது ஒரேயொரு தெரிவு மாத்திரமே. கடையில் தலையாட்டியிருந்தால் பதினைந்து வருடக் கடிதங்கள் போயிருக்கும்.

கணினி எவ்வாறு விழிக்கின்றது?

இது ஏன் நடந்தது என்பதை விளங்கிக்கொள்ள, காலையில் ஒரு கடை திறக்கும் ஒழுங்கை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் காவற்காரர் எழும்பி லைற்றைப் போட்டு, எல்லாம் சரியா என்று பார்க்கிறார். பின்பு திறப்பு வைத்திருக்கும் மனேஜரைத் தேடுகிறார். மனேஜர் வந்து களஞ்சியத்தைத் திறந்தால்தான் வியாபாரம் தொடங்கும்.

கணினியில் காவற்காரர் என்பது தாய்ப்பலகையில் பதிந்திருக்கும் சிறு மென்பொருள். பொதுவாக இதனைப் பயோஸ் என்பார்கள். மனேஜர் என்பது விண்டோஸ் அல்லது லினக்ஸ். களஞ்சியம் என்பது ஹார்ட் டிஸ்க்கில் எமது கோப்புகள் இருக்கும் பகுதி. மனேஜர் வரவில்லை என்றால் கடை திறக்காது. அதற்காகக் களஞ்சியத்திலுள்ள அரிசி மூட்டைகள் மறைந்துவிடுவதில்லை. ‘நோ பூட்டபிள் டிவைஸ்’ என்பது காவற்காரர் சொல்லும் சொல். “மனேஜரைக் காணவில்லை” என்று மட்டுமே அவர் சொல்கிறார்.

இந்தக் காவற்காரர் மனேஜரைத் தேடுவதற்கு இரண்டு முறைகள் உண்டு. பழைய முறையை ‘லெகசி’ என்றும் புதிய முறையை ‘யூ.ஈ.எஃப்.ஐ.’ என்றும் அழைப்பர். ஒரு முறையில் பதியப்பட்ட விண்டோஸை மற்ற முறையில் தேடினால் அகப்படாது. முன்வாசலில் நிற்பவரைப் பின்வாசலில் தேடுவது போன்றது அது. அக்காவின் விண்டோஸ் புதிய முறையில் பதியப்பட்டது. தம்பி பழைய முறைக்கு மாற்றிவிட்டார். லினக்ஸும் அரைகுறையாகப் பதிந்ததால் இரண்டில் ஒன்றையும் கணினியால் கண்டுபிடிக்க முடியவில்லை.

தமிழ்நாட்டில் 2011 இல் மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, விண்டோஸையும் இந்தியாவில் உருவாக்கிய ‘பொஸ்’ லினக்ஸையும் ஒன்றாகப் போட்டே கொடுத்தார்கள். கணினியைப் போட்டதும் எது வேண்டும் என்று ஒரு பட்டியல் வரும். அக்காலத்துக் கணினிகளில் இவ்வாறு இரண்டு முறைமைகள் இருக்கும்போது விண்டோஸை மட்டும் மீண்டும் பதிந்தால், அந்தப் பட்டியல் மறைந்து நேரே விண்டோஸ் வந்துவிடும். லினக்ஸும் அதிலுள்ள கோப்புகளும் உள்ளேயே இருக்கும். அவற்றுக்குப் போகும் வழி மட்டும் தெரியாது. வழி மறைவது வேறு, பொருள் அழிவது வேறு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாமே பார்க்கக்கூடியவை

பின்வருவனவற்றைச் செய்வதற்குக் கணினிப் படிப்புத் தேவையில்லை. எழுத்துக்கூட்டி ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தால் போதும். அதுவும் தெரியாவிட்டால் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

1. வந்திருக்கும் செய்தியைக் கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். பின்னர் யாரிடம் கேட்பதாயினும் “ஏதோ இங்கிலீசில வந்தது” என்று சொல்வதைவிட அந்தப் படம் நூறு மடங்கு உதவும்.

2. மின் பொத்தானைப் பத்துப் பதினைந்து செக்கன் அழுத்திப் பிடித்து நிறுத்துங்கள். செருகியிருக்கும் பென் ட்ரைவ், மெமரி கார்ட் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மறுபடி போடுங்கள். புதிய முறைமை போடப் பாவித்த பென் ட்ரைவ் செருகியபடியே இருந்தால், கணினி முதலில் அதற்குள்ளேயே தேடிக்கொண்டு நிற்கலாம். அதனைக் கழற்றியதும் எழும்பிய கணினிகள் உண்டு.

3. தயாரித்த நிறுவனத்தின் அடையாளம் திரையில் வருகிறதா என்று பாருங்கள். லைற்றும் இல்லை, அடையாளமும் இல்லை என்றால் பிரச்சினை பெரும்பாலும் விண்டோஸிலோ லினக்ஸிலோ இல்லை. சார்ஜர், பற்றரி, நினைவகம், திரை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அடையாளம் வந்த பின்னர் செய்தி வருகின்றது என்றால், இயந்திரம் உயிரோடுதான் இருக்கின்றது.

4. காதை வைத்துக் கேளுங்கள். உள்ளே ‘டிக், டிக்’ என்று தொடர்ந்து தட்டும் சத்தம் கேட்டால் ஹார்ட் டிஸ்க்கே பழுதாகிக்கொண்டிருக்கலாம். அவ்வாறெனில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காதீர்கள். நிறுத்திவிட்டு, தகவல் மீட்கத் தெரிந்த ஒருவரிடம் கொண்டுசெல்லுங்கள்.

5. கணினியைப் போட்டவுடன் எஃப்2 விசையை விட்டு விட்டு அழுத்துங்கள். சில கணினிகளில் அது எஃப்10, டிலீட் அல்லது எஸ்கேப் ஆக இருக்கும். அமைப்புப் பக்கம் திறக்கும். அதில் ஹார்ட் டிஸ்க்கின் பெயர் இருக்கின்றதா என்று பாருங்கள். இருந்தால் நல்ல செய்தி. பின்பு ‘பூட்’ என்ற பகுதியில், தேடும் வரிசையில் ஹார்ட் டிஸ்க் அல்லது ‘விண்டோஸ் பூட் மனேஜர்’ முதலாவதாக இருக்கின்றதா, முறை லெகசியா யூ.ஈ.எஃப்.ஐ. ஆ என்று பாருங்கள். எதையும் மாற்றுவதற்கு முன் அந்தப் பக்கத்தைப் படம் எடுங்கள். ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சரிவராவிட்டால் பழையபடி மாற்றிவிடலாம்.

6. விண்டோஸ் சில தடவைகள் தொடர்ந்து தொடங்கத் தவறினால் அதுவே நீல நிறத் திருத்தும் பக்கத்தைக் காட்டும். அதிலுள்ள ‘ஸ்டார்ட்அப் ரிப்பெயார்’ எமது கோப்புகளில் கை வைக்காது. ‘ரீசெட்’ என்பதைத் தொடும்போது மட்டும் கவனம் தேவை. ‘கீப் மை ஃபைல்ஸ்’ என்றால் கோப்புகளை வைத்திரு என்று பொருள். ‘ரிமூவ் எவ்ரிதிங்’ என்றால் எல்லாவற்றையும் அகற்று என்று பொருள்.

7. விண்டோஸ் 10 இலிருந்து 11 இற்கு மேம்படுத்திய பின்னர் கணினி சரியாக ஓடவில்லை என்றால், முதல் 10 நாட்களுக்குள் பழையதற்குத் திரும்பிச் செல்லும் வசதி உண்டு. அதற்கிடையில் பழைய விண்டோஸின் கோப்புறையை அழித்துவிடக் கூடாது.

பூட்டுப் போட்ட களஞ்சியம்

சில வேளைகளில் கறுத்த திரைக்குப் பதிலாக, ‘பிட்லொக்கர் ரிக்கவரி’ என்ற தலைப்புடன் 48 இலக்கத் திறப்பு ஒன்றைக் கேட்கும் நீலத் திரை வரலாம். ஹார்ட் டிஸ்க் முழுவதும் இரகசியக் குறியீடாக மாற்றிப் பூட்டப்பட்டிருக்கின்றது என்பது இதன் பொருள். முன்னர் சொன்ன அமைப்புப் பக்கத்தில் மாற்றம் செய்தாலும் இது கேட்கலாம். 2024 இல் வெளிவந்த 24எச்2 எனும் விண்டோஸ் 11 பதிப்பைப் புதிதாகப் பதிந்து மைக்ரோசொஃப்ட் கணக்கில் நுழையும்போது, வசதியுள்ள கணினிகளில் இந்தப் பூட்டு நாம் கேளாமலே விழுந்துவிடுகின்றது.

அந்தத் திறப்பு வழக்கமாகக் கணினியில் நுழைந்த மைக்ரோசொஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். வேறொரு தொலைபேசியிலிருந்து அந்தக் கணக்கினுள் சென்று பார்க்கலாம். எமது பிரச்சினை என்னவெனில், அந்தக் கணக்கு எம்முடையதாக இல்லாமல் இருப்பதுதான். போட்டுத் தந்த தம்பி தன் மின்னஞ்சலைக் கொடுத்திருப்பார். கனடாவிலிருந்து அனுப்பிய மாமி தன் கணக்கை எடுக்காமல் விட்டிருப்பார். ஆகவே நன்கொடையாக ஒரு மடிக்கணினி கிடைத்தால், “இது யாருடைய கணக்கில் இருக்கின்றது?” என்று அன்றைக்கே கேட்டு, எமது பெயரில் எமது மின்னஞ்சலில் மாற்றிக்கொள்ள வேண்டும். திறப்பில்லாமல் அந்தப் பூட்டைத் திறக்கக் கடைக்காரராலும் முடியாது.

எல்லாவற்றையும் மீட்கலாம் என்று நான் சொல்ல வரவில்லை. லினக்ஸ் போடும்போது ‘இரேஸ் டிஸ்க்’ என்ற தெரிவை அழுத்தியிருந்தால், அது முழு ஹார்ட் டிஸ்க்கையும் துடைத்துவிட்டுத்தான் பதியும். அவ்வாறு நடந்திருந்தால் அந்தக் கணினியை மேலும் பாவிக்காமல் உடனே நிறுத்துங்கள். பழைய வகை ஹார்ட் டிஸ்க் என்றால், ‘ஃபோட்டோரெக்’ போன்ற இலவச மென்பொருளினால் ஓரளவு கோப்புகளையும் படங்களையும் மீட்கும் வாய்ப்பு உண்டு. எஸ்.எஸ்.டி. எனும் புதிய வகை என்றால் அந்த வாய்ப்பு மிகக் குறைவு.

பிழை எப்பொழுதும் எமது கையில் இல்லை

“நான் இதைத் தொட்டிருக்கவே கூடாது” என்று அந்த அக்கா சொன்னதை நான் பல பெண்களின் வாயிலிருந்து கேட்டிருக்கின்றேன். ஆண் பிள்ளை ஒரு சாமானைக் கழற்றிப் பழுதாக்கினால் “படிக்கிறான்” என்கிறோம். பெண் பிள்ளை தொட்டால் “பழுதாக்கிப்போடுவாய், தொடாதே” என்கிறோம். பால்நிலை வேறுபாடு சமையலறையில் மட்டுமல்ல, கணினி மேசையிலும் இருக்கின்றது. போரினால் குடும்பத்தைத் தனியே சுமக்க நேர்ந்த பெண், எது பிழைத்தாலும் தன்னையே குற்றஞ்சொல்லப் பழகியவள். இயந்திரம் நின்றாலும் அவள் முதலில் தன்னைத்தான் நோகின்றாள்.

2024 ஜூலை 19 ஆம் திகதி உலகம் முழுவதிலும் விமான நிலையங்கள், வைத்தியசாலைகள், வங்கிகள் எனப் பல இடங்களில் கணினிகள் எழும்பாமல் நின்றன. கிரவுட்ஸ்ட்ரைக் எனும் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு புதுப்பித்தலே காரணம். ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசொஃப்ட் மதிப்பிட்டது. அவற்றைத் திருத்திய விதத்தைக் கவனியுங்கள். கணினியைப் பாதுகாப்பு நிலையில் தொடங்கி, பிழையான அந்தக் கோப்பை மட்டும் அகற்றினார்கள். பல இடங்களில் ஆட்கள் ஒவ்வொரு கணினியாகச் சென்று கையாலேயே அதனைச் செய்தார்கள். உள்ளேயிருந்த தகவல்கள் அப்படியே இருந்தன. அதற்கு அடுத்த மாதமே, மைக்ரோசொஃப்ட் அனுப்பிய ஒரு புதுப்பித்தலினால், விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருந்த கணினிகள் சிலவற்றில் லினக்ஸ் தொடங்காமல் போனது. பெரும் சம்பளம் வாங்கும் பொறியியலாளர்கள் அனுப்பியதற்கே இவ்வாறு நடக்கின்றது என்றால், எமது கணினி நின்றதற்கு நாம் ஏன் கூனிக் குறுக வேண்டும்?

கடைக்குப் போகும்போது

எல்லாவற்றையும் நாமே திருத்த முடியாது. கடைக்குப் போகத்தான் வேண்டும். திருத்துபவர்களில் நல்லவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆனால் ஃபோர்மட் பண்ணுவது அவர்களுக்குச் சுருக்கமான வழி. உள்ளே என்ன இருக்கின்றது என்பது அவர்களுக்குத் தெரியாது. அதனைச் சொல்ல வேண்டியவர்கள் நாமே.

கணினியைக் கொடுக்கும் முன்னர் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். ஹார்ட் டிஸ்க் அமைப்புப் பக்கத்தில் தெரிகின்றதா? அழிப்பதற்கு முன் எனது கோப்புகளைப் பிரதி எடுத்துத் தருவீர்களா? அதற்கு வேறாக எவ்வளவு காசு? பெரும்பாலான மடிக்கணினிகளில் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, யூ.எஸ்.பி. பெட்டியில் போட்டு, வேறொரு கணினியில் செருகிப் பிரதி எடுக்கலாம். ஆகவே “முடியாது” என்று உடனே சொன்னால் வேறொரு கடையிலும் கேட்டுப் பாருங்கள்.

மொழி தெரியாமையால் தலையாட்டிவிட்டு வருவது கொழும்பில் எமது பெண்களுக்கு அடிக்கடி நடப்பது. இந்த இரண்டு வசனங்களை மனப்பாடமாக்கிக்கொள்ளுங்கள். “மகே ஃபைல் மகன்ன எபா” என்றால் எனது கோப்புகளை அழிக்க வேண்டாம் என்று பொருள். “இஸ்ஸெல்லா கொப்பி கரலா தென்ன” என்றால் முதலில் பிரதி எடுத்துத் தாருங்கள் என்று பொருள். பற்றுச்சீட்டிலும் ‘கோப்புகளை அழிக்கக் கூடாது’ என்று எழுதுவித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. மனுக்களில் எமது வாக்குமூலம் இருக்கின்றது, பிள்ளைகளின் படங்கள் இருக்கின்றன. இவை யாரும் பார்க்கக்கூடியவை அல்ல. இயலுமானவரை, திருத்தும்போது பக்கத்தில் இருங்கள். விட்டுவிட்டு வரத்தான் வேண்டும் என்றால், கடவுச்சொல்லைக் கண்டபடி கொடுக்காதீர்கள். கொடுக்க நேர்ந்தால், கணினி கைக்கு வந்த அன்றே அதனை மாற்றுங்கள்.

அவசரப்பட வேண்டியதில்லை

2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10 கணினிகள் நின்றுவிடவில்லை. பாதுகாப்புப் புதுப்பித்தல் வருவதுதான் நின்றது. பதிவு செய்துகொண்ட வீட்டுப் பாவனையாளர்களுக்கு அதனையும் 2026 ஒக்டோபர் 13 வரை மைக்ரோசொஃப்ட் நீடித்தது. புதுப்பித்தல் இல்லாத கணினியில் வங்கி அலுவல்கள் செய்வது ஆபத்து என்பது உண்மையே. ஆயினும் ஒரு கிழமை பொறுத்து, ஒழுங்காகப் பிரதி எடுத்துவிட்டு மாற்றுவதனால் எதுவும் கெட்டுப்போகாது. மிகப் பழைய கணினிகளில் விண்டோஸ் 11 ஐ வலிந்து ஏற்றுவதும் நல்லதல்ல. 24எச்2 பதிப்பு சில பழைய செயலிகளில் தொடங்கவே மாட்டாது. அவற்றுக்கு லினக்ஸ் பொருத்தம். இலவசம் என்றபடியால் தரமற்றது என்று எண்ண வேண்டாம். கடிதம் எழுதவும் கணக்கு வைக்கவும் தமிழில் தட்டச்சு செய்யவும் அது தாராளமாகப் போதும்.

புதிதாக எதைப் போடுவதற்கு முன்னரும் இவற்றைச் செய்யுங்கள். முக்கியமான கோப்புகளை இரண்டு இடங்களில் பிரதி எடுங்கள். ஒன்றை வீட்டிலும் மற்றதைச் சகோதரி வீட்டிலும் வையுங்கள். கூகுள் கணக்கு இருந்தால் 15 ஜீ.பீ. வரை இலவசமாக வைக்கலாம். பிரதி எடுத்த கோப்பு ஒன்றை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். திறக்காத பிரதி பிரதியல்ல. பிட்லொக்கர் திறப்பு இருந்தால் கடதாசியில் எழுதி வையுங்கள். போடுபவரிடம் “எந்தப் பகுதியை அழிக்கப் போகிறீர்கள்?” என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் கணினியைக் கொடுக்காதீர்கள். கரண்ட் போகக்கூடிய நேரத்தில் தொடங்க வேண்டாம். பற்றரி நிறைந்திருக்கட்டும், சார்ஜரும் செருகியிருக்கட்டும். மூலக் கடிதங்களை, ஸ்கேன் செய்தாயிற்று என்று எண்ணி வீசிவிடாதீர்கள்.

சகோதரிகளே, எமது மகளிர் குழுக்களில் சீட்டுப் பிடிக்கிறோம், தையல் பழகுகிறோம், கடன் கணக்குப் பார்க்கிறோம். அடுத்த கூட்டத்தில் அரை மணித்தியாலத்தை இதற்கு ஒதுக்குங்கள். கணினி தெரிந்த பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு, அமைப்புப் பக்கத்துக்குப் போவது எப்படி, பென் ட்ரைவிலிருந்து லினக்ஸை ஓடவிட்டுக் கோப்புகளை எடுப்பது எப்படி என்று எல்லோர் முன்னிலையிலும் செய்துகாட்டச் சொல்லுங்கள். அத்தகைய ஒரு பென் ட்ரைவைக் குழுவின் பொதுச் சொத்தாக வைத்துக்கொள்ளுங்கள். யாருடைய கணினி நின்றாலும் அது உதவும். கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் ஒரு வெறும் பென் ட்ரைவும் கொண்டுவாருங்கள். வீட்டுக்குத் திரும்பும்போது அது நிரம்பியிருக்கட்டும்.